வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஆறாத புண் பயிற்சி: இரண்டு நாளில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

படுக்கையோரம்:
வணக்கம். நான் செவிலியர். கிராமங்களில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 14 பேருக்கு அடுத்த மாதம் ஆறாத புண்களைப் பற்றிப் பயிற்சி கொடுக்கவேண்டும், கையில் இருப்பது இரண்டே நாள். எல்லோரும் அதிகம் படித்தவர்கள் இல்லை, ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கித் திருப்புவதில் என்னைவிடக் கைப்பழக்கம் உள்ளவர்கள். போன தடவை ஸ்லைடு போட்டு விதவிதமான டிரெஸ்ஸிங் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனேன். மூன்று மாதம் கழித்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், நல்ல சிவப்புச் சதை வளர்ந்த புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வரத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிழை என் பயிற்சியில்தான். இந்தத் தடவை எதை விடலாம், எதை விடவே கூடாது?

பழையகட்டு:
டிரெஸ்ஸிங் பெயர்களை முதலில் விடுங்கள். புண் ஏன் வந்தது என்பதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. வால் எலும்பிலும் குதிகாலிலும் வந்தால் பெரும்பாலும் அழுத்தம். கால் வீங்கி, கணுக்காலுக்கு உள்பக்கம் கசிந்துகொண்டே இருந்தால் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ஓட்டக் கோளாறாக இருக்கலாம். சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் வலியே இல்லாமல் குழி விழுந்தால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. அழுத்தம் போகாதவரை மேலே எந்த மருந்தை வைத்தாலும் அந்தப் புண் ஆறாது.

நான் செய்வது: பயிற்சிக்கு வந்தவர்களை வெறும் பலகையில் மல்லாந்து 20 நிமிடம் அசையாமல் படுக்கச் சொல்வேன். பத்தாவது நிமிடத்திலேயே குதிகால் வலிக்கிறது என்பார்கள், அப்புறம் "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள்" என்று தனியாக விளக்கவே வேண்டாம். முழுப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பு எலும்பு அழுந்தும், அதனால் 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்கால் முழுக்கத் தாங்குகிற மாதிரி நீளவாக்கில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடவேண்டும். வளையம் மாதிரியான மெத்தை மட்டும் வேண்டாம், அது ஓரத்தில் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இன்னொன்று, கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூடு, கெட்டித்தன்மை, வலி இருக்கிறதா என்று கேட்கப் பழக்குங்கள்.

ஈரத்துணி:
மேலே சொன்னது சரி, ஆனால் கழுவுவதையும் கட்டுவதையும் அப்படியே தள்ளிவிட முடியாது, தினமும் அவர்கள் கையால் செய்வது அதைத்தானே. "புண்ணைக் காற்றாட விட்டால் காயும், ஆறும்" என்ற நம்பிக்கையை முதல் நாளே எடுங்கள். 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் காயங்களை வைத்துப் பார்த்தபோது, மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. சொதசொதவென்று இருக்கவேண்டும் என்று அர்த்தமில்லை, சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறினால் ஈரம் அதிகம். கழுவ சலைன் போதும், அது இல்லாவிட்டால் கொதிக்கவைத்து ஆறவைத்த குடிநீர். பெராக்சைடு புதுச் செல்களையும் சேர்த்துக் கொல்லும் என்று காரணத்தோடு சொன்னால்தான் விடுவார்கள். வெறுமனே "கூடாது" என்றால் உங்கள் தலை மறைந்ததும் பாட்டில் வெளியே வந்துவிடும். ஸ்பாஞ்சில் குழி வெட்டி, வண்ணக் களிமண் அடைத்து மாதிரிப் புண் செய்து கையில் கொடுங்கள்.

அளவுகோல்:
எப்போது மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதை மனப்பாடமாகத் தெரிய வையுங்கள், உயிர் தப்புவது அதில்தான். பரவும் சிவப்பு, திடீர் நாற்றம், கூடும் வலி, காய்ச்சல், எலும்பு தெரிவது, பாதம் சில்லிட்டுக் கறுப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக்கூடாது. சர்க்கரை நோயாளிக்குக் கிருமி உள்ளே இறங்கியும் காய்ச்சல் வராமல் இருக்கலாம், அதைத் தனியாகச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை நீள அகலத்தை அளந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நோயாளியிடம் கேட்டுவிட்டுப் படம் எடுக்கட்டும். சர்க்கரை நோயாளியின் கால் புண் நான்கு வாரத்தில் பாதியாகச் சுருங்கவில்லை என்றால் அந்தச் சிகிச்சையையே மறுபடி பார்க்கவேண்டும்.

அப்புறம், இரண்டு நாளையும் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு நாள் வகுப்பு, மூன்று வாரம் கழித்து இன்னொரு நாள், இடையில் ஆளுக்கு ஒரு நோயாளியின் வீட்டுக்கு நீங்களும் கூடப் போய் ஓரமாக நின்று பாருங்கள்.

படுக்கையோரம்:
பிரித்து வைப்பது எனக்குத் தோன்றவே இல்லை, அப்படியே செய்கிறேன். ஒரு சந்தேகம்: குதிகாலில் காய்ந்து கறுத்த ஓடு இருந்தால் அதைப் பெயர்க்கச் சொல்லலாமா?

பழையகட்டு:
கூடாது. காய்ந்து, கெட்டியாக, சுற்றிலும் சிவப்போ கசிவோ இல்லாமல் ஒட்டியிருந்தால் உடல் தானாகப் போட்ட மூடி அது. தொடாமல், அழுத்தம் படாமல் காப்பாற்றச் சொல்லுங்கள். ஓரம் இளகினாலோ சீழ் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். வீக்கத்துக்கு இறுக்கக் கட்டுப் போடுவதும் அப்படித்தான், பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும் முன் யாரும் போடக்கூடாது.