தக்காளி நாத்து ஒவ்வொண்ணா சாயுது, அவசரம், யாராவது சொல்லுங்க

மலைவீட்டு_மருமக | 24 பிப்ரவரி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். விதை போட்டு 16 நாள் ஆச்சு, முளைச்சு நல்லாத்தான் வந்துச்சு, ரெண்டு நாளா அடித்தண்டு நூல் மாதிரி மெலிஞ்சு ஒவ்வொண்ணா படுத்துக்குது. காலைல நின்னது சாயங்காலம் இல்ல. தண்ணி ஒழுங்கா ஊத்துறேன், எல்லாமே வீடியோல சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். எலுமிச்சையும் மஞ்சளாகுது. மாமியார் ஒண்ணும் சொல்லல ஆனா தினமும் வந்து பாத்துட்டுப் போறாங்க, எப்படியாச்சும் இத காப்பாத்திரணும். என்ன மருந்து அடிக்கலாம்?

வேம்பு_நேசன் | இரவு 9:52

வேப்பெண்ணெய் 5 மில்லி ஒரு லிட்டர் தண்ணிக்கு, காதி சோப்பு கொஞ்சம் கரைச்சு சாயங்காலமா அடிங்க. மண்ணுலயும் வேப்பம்புண்ணாக்கு போடுங்க. புழு வெட்டுதுன்னா ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். எனக்கு பத்துக்கு எட்டு பிரச்சனை வேப்பெண்ணெய்லயே தீர்ந்திருக்கு.

கன்னங்குறிச்சி_மாடி | இரவு 10:05

எந்த ஊருங்க நீங்க? நாத்து வெயில்ல இருக்கா நிழல்ல இருக்கா? மண்ணா தேங்காநார் கழிவா? தண்ணி போர் தண்ணியா காவிரித் தண்ணியா? ஒரு போட்டோவாச்சும் போடுங்க, இது எதுவும் தெரியாம மருந்து சொல்ல முடியாதுங்க.

பச்சை_இலை_79 | இரவு 10:11

எலுமிச்சை மஞ்சள்னாலே மெக்னீசியம் குறைதான். எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் தண்ணில கரைச்சு ஊத்துங்க. தக்காளிக்கும் சேத்து ஊத்தலாம்.

முப்பது_வருஷ_தோட்டம் | இரவு 10:30

வாரத்துக்கு நாலு பேரு இப்படித்தான் வர்றாங்க. ஊரு சொல்றதில்ல, மண்ணு சொல்றதில்ல, "வீடியோல சொன்ன மாதிரி" மட்டும் சொல்வாங்க. எந்த வீடியோ, யாரோட மண்ணுக்கு, எந்த மாசத்துக்கு? செடி வளக்குறதுக்கு முன்னாடி கேள்வி கேக்கப் பழகணும். அடித்தண்டு மெலிஞ்சு சாயுறதுக்குப் பேரு நாற்றழுகல், பூஞ்சை நோய், இது தெரியாம வேப்பெண்ணெய் சொல்றவங்களும் ஒரு தடவை படிச்சுட்டு வாங்க. பச்சை இலை தம்பிக்கும் ஒண்ணு, அந்தம்மா சேலம் வெள்ளைக்கல் மலைப் பக்கம்னா அங்க மண்ணுலயே மெக்னீசியம் ஏராளம், வெட்டி எடுக்குறதே மேக்னசைட்டுங்கற மெக்னீசியக் கல்லு. அதுல போய் எப்சம் உப்பு ஊத்தி என்ன ஆகப் போகுது?

வேம்பு_நேசன் | இரவு 10:34

புழுவான்னு பாக்கச் சொன்னேன், தப்பா ஒண்ணும் சொல்லலியே ஐயா.

மலைவீட்டு_மருமக | 25 பிப்ரவரி, காலை 6:20

மன்னிச்சுக்கங்க, அவசரத்துல விட்டுட்டேன். ஏற்காடு, செம்மடுவு பக்கம். ஓட்டு வீடு, உள் ரூம்ல ஜன்னலோரமா ட்ரேல வெச்சிருக்கேன். வீடியோ அமெரிக்காவுல மலைப் பாலைவனம்னு சொல்ற இடத்துல தோட்டம் போடுற ஒரு அம்மாவோடது, வசந்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்னு வரிசையா சொல்லியிருந்தாங்க. அவங்க ஊரு 5000 அடி உசரமாம், நம்ம ஏற்காடும் அதே 5000 அடி, அதான் பொருந்தும்னு நெனச்சு ஏப்ரல் வரைக்கும் நாத்த வெளிய எடுக்கக் கூடாதுன்னு உள்ளயே வெச்சேன். பிகேஎம் 1ங்கற தக்காளி ரகத்து விதை, 40 போட்டேன், இப்ப 22 நிக்குது.

காப்பித்தோட்டம்_ஏற்காடு | காலை 7:15

தங்கச்சி, ஜன்னல் எந்தப் பக்கம்? முன்னாடி சில்வர் ஓக் மரம் நிக்குதா? நம்மூரு ஓட்டு வீட்ல தாழ்வாரம் எறக்கமா இருக்கும், உள் ரூம்ல பகல்லயே லைட்டு போடணும். அங்க வெச்சா எந்த நாத்தும் வெளிச்சம் தேடி நீண்டு மெலியத்தான் செய்யும். நான் பொறந்ததுலேருந்து மலைலதான் இருக்கேன், மாசில உறைபனின்னு எங்க தோட்டத்துல பாத்ததே கிடையாது. ராத்திரி குளிரும், அது தக்காளியக் கொல்ற குளிர் இல்ல. வெளிய வெய்யுங்க.

அல்புகர்க்கி_சூரமங்கலம் | காலை 8:02

நான் பேசணும்னே லாகின் பண்ணேங்க. சொந்த ஊரு சூரமங்கலம், 6 வருஷமா நியூ மெக்சிகோல அல்புகர்க்கில இருக்கேன், அந்த அம்மா சொல்ற மலைப் பாலைவனம் எங்க வாசல்தான். அவங்க சொன்னது எங்க ஊருக்கு அத்தனையும் சரி. இங்க உசரம் 5300 அடி, ஆனா வருஷ மழை 9 அங்குலம் பக்கம்தான், ஏப்ரல் நடு வரைக்கும் உறைபனி வரும், அதனால பிப்ரவரி கடைசிலயோ மார்ச்லயோ தக்காளிய வீட்டுக்குள்ள போட்டு, ட்யூப் லைட்ட நாத்துக்கு ரெண்டு அங்குலம் மேல தொங்கவிட்டு தினம் 14 மணி நேரம் எரிய விடுவோம். லைட்டு பத்தி அவங்க சொல்லியிருப்பாங்க, நீங்க அத விட்டுட்டீங்களான்னு பாருங்க. இப்ப வெளிய பட்டாணி, பசலைக்கீரை மாதிரி குளிர் தாங்குறது மட்டும்தான் போட முடியும். பழமரம் கவாத்து மொட்டு விரியறதுக்கு முன்னாடி முடிக்கணும், இங்க ஆப்ரிகாட் மரம் மார்ச்லயே அவசரப்பட்டு பூத்துரும், அப்புறம் ஒரே ஒரு ராத்திரி உறைபனில அந்த வருஷக் காய் மொத்தமும் போயிரும், முதல் வருஷம் நான் அத பாத்துட்டு அழுதிருக்கேன். குளிர்காலத்துலயும் மாசம் ஒரு தடவ மரத்துக்கு ஆழமா தண்ணி விடணும், ஏன்னா பனியும் மழையும் பத்தாது, மண்ணு கீழ வரைக்கும் காஞ்சு கெடக்கும். மார்ச் ஏப்ரல்ல புழுதிக் காத்து அடிக்கும் பாருங்க, நாத்து தண்டே முறியும், அதுக்கு மறைப்பு கட்டறது ஒரு தனி வேலை.

இதுல எதுவுமே உசரத்தால மட்டும் வர்றதில்ல. நாங்க பூமத்திய ரேகைலேருந்து 35 டிகிரி தள்ளி இருக்கோம், ஏற்காடு 12 டிகிரி கூட இல்ல. அங்க வருஷத்துக்கு 1500 மி.மீ. சுத்தி மழை, எங்களுக்கு அதுல ஆறுல ஒரு பங்கு கூட கிடையாது.

ஒரே ஒரு கேள்வி, ட்ரே மேல ஏதாச்சும் மூடி வெச்சிருக்கீங்களா?

மலைவீட்டு_மருமக | காலை 8:40

ஆமாங்க, பாலிதீன் கவர். ஈரம் போகாம இருக்கணும்னு அவங்க சொன்னாங்க. அத சொல்ல மறந்துட்டேன்.

அல்புகர்க்கி_சூரமங்கலம் | காலை 8:44

அதாங்க. இங்க காத்துல ஈரமே இல்ல, மூடலன்னா விதை முளைக்கறதுக்குள்ள காஞ்சிரும், இங்கயே முளைச்சதும் மூடிய எடுத்துருவோம். ஏற்காட்டு மூடுபனில 16 நாள் மூடி வெச்சா பூஞ்சை வராம என்ன செய்யும்? உடனே கழட்டுங்க.

கன்னங்குறிச்சி_மாடி | காலை 9:10

இப்ப வெளங்குது. சாஞ்சத காப்பாத்த முடியாதுங்க, அந்த மண்ணோட அள்ளி தூரப் போட்டுருங்க, கம்போஸ்ட்லயும் போடாதீங்க. நிக்குற 22ஐ பாருங்க. கவர எடுங்க, மேல்மண்ணு காயற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க, அப்புறம் ஊத்துனாலும் ட்ரேக்கு அடில ஊத்தி உறிஞ்ச விட்டுட்டு மிச்சத்த கொட்டிருங்க. சூடோமோனாஸ், அதாவது அழுகல் பூஞ்சைய அடக்குற நல்ல பாக்டீரியா தூள், லிட்டருக்கு 10 கிராம் கலந்து வேர்ல ஒரு தடவ ஊத்துங்க, கெமிக்கல் பரவாயில்லன்னா காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2.5 கிராம். முதல் நாலு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம் மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, ஒரேடியா வெச்சா வெளுத்துரும். நீண்டு போனத தனித்தனி கப்புக்கு மாத்தும்போது விதையிலை வரைக்கும் மண்ணுல புதைச்சுருங்க, தக்காளித் தண்டுலேருந்தே வேர் விடும். ஆனா தண்டு உறுதியா இருக்கறத மட்டும் புதைங்க, அழுகல் தொட்டத புதைச்சா மொத்தமும் போயிரும்.

மலைவீட்டு_மருமக | காலை 9:32

சரிங்க அக்கா, கவர எடுத்துட்டேன். எலுமிச்சைக்கு? அதுக்கு அந்த வீடியோல சொன்னபடி கந்தகத் தூள் ரெண்டு கைப்பிடி போட்டேன், போன மாசம்.

காப்பித்தோட்டம்_ஏற்காடு | காலை 10:25

ஐயோ தங்கச்சி. நம்ம மலை மண்ணு ஏற்கனவே புளிப்பு மண்ணு, காப்பிக்கு நாங்க காசு குடுத்து சுண்ணாம்பு வாங்கிப் போடுறோம். அதுல கந்தகம் போட்டா இன்னும் புளிப்பு ஏறி வேர் சத்து எடுக்க முடியாமப் போகும். மேக்கொண்டு எதுவும் போடாதீங்க. மேல கெடக்குற தூள கையால வழிச்சு எடுங்க, அது மண்ணுல மெதுவாத்தான் வேலை செய்யும், அதனால எடுக்கற அளவுக்கு லாபம். அப்புறம் மண்ண எடுத்துட்டுப் போய் டெஸ்ட் குடுங்க, பி.எச் நம்பர், அதான் மண்ணோட புளிப்பு அளவு, தெரியாம சுண்ணாம்பும் போடக் கூடாது. மரம் தொட்டில இருக்கா தரைல இருக்கா, எத்தன வருஷ மரம்?

சாம்பல்_சத்து | காலை 10:40

அடுப்புச் சாம்பல் போட்டா புளிப்பும் குறையும் பொட்டாஷும் கெடைக்கும். எங்க பாட்டி எல்லாச் செடிக்கும் சாம்பல்தான். நாத்து மேலயும் தூவுங்க.

கன்னங்குறிச்சி_மாடி | காலை 10:58

அவங்களுக்கு சரியா வரலாம், டெஸ்ட்டுக்கு அப்புறம். ஆனா இத படிச்சுட்டு கீழ சேலத்துல இருக்கறவங்க யாரும் சாம்பல் போட்டுறாதீங்க. எங்க மாடில போர் தண்ணி ஊத்தி தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையா உப்புப் படிஞ்சு கெடக்கு, ரெண்டு வருஷம் முன்னாடி நான் சாம்பல் போட்டு செம்பருத்தி துளிர் மொத்தமும் வெளுத்துப் போச்சு, நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. அது இரும்புச்சத்து ஏறாதது. அன்னபேதி, அதான் இரும்பு உப்பு, கரைச்சு இலைல அடிச்சுதான் தேத்துனேன், அதுவும் முழுசா தேறல. இப்ப மழைத்தண்ணி புடிச்சு வெச்சு துளிருக்கு மட்டும் அத ஊத்துறேன்.

அல்புகர்க்கி_சூரமங்கலம் | காலை 11:06

அக்கா, நீங்க சொல்றது அப்படியே எங்க மண்ணு. இங்க ரெண்டடி தோண்டுனா கல்லு மாதிரி சுண்ணாம்புப் படலம், ஊர்ல சுக்கான்னு சொல்வோமே அதேதான். அதனாலதான் இங்க கந்தகம் போடச் சொல்றாங்க, சாம்பல் வேண்டாங்கறாங்க. அந்த வீடியோ உசரத்துக்கு ஏற்காட்டோட பொருந்துது, மண்ணுக்கு சேலத்தோட பொருந்துது. அப்பா வீட்டு கொய்யா ஏன் மஞ்சளாவே இருந்துச்சுன்னு இங்க வந்துதான் எனக்குப் புரிஞ்சுது.

முப்பது_வருஷ_தோட்டம் | பகல் 12:15

எல்லாரும் ஒரு அடிப்படைய விட்டுட்டீங்க. "வசந்தம் ஆரம்பம்"னு தமிழ்நாட்டுல பிப்ரவரிக்கு சொல்றதே தப்பு. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசிதான் இளவேனில். இந்த ஆறு பருவமும் தெரியாம வெள்ளைக்காரன் காலண்டர பாத்தா இப்படித்தான் ஆகும்.

ஓமலூர்_காட்டுக்காரன் | பகல் 12:40

ஐயா, புத்தகத்துல பின்பனிதான், நான் மறுக்கல. ஆனா எங்க காட்டுல மாசி பாதியிலயே பகல்ல நிக்க முடியல. மா பூத்து பிஞ்சு விட்டாச்சு, புங்கன் இலை கொட்டிட்டு துளிர் விடப் போகுது. இத பனின்னு சொல்லிட்டு உக்காந்தா தைப்பட்டம் போயிரும். எங்களுக்கு பட்டம்தான் கணக்கு, தை, சித்திரை, ஆடி.

முப்பது_வருஷ_தோட்டம் | பகல் 12:52

பின்பனின்னா பகல் பூரா குளிரும்னு அர்த்தமில்ல, ராப்பொழுதோட பின்பகுதில பனி விழும். விடிகாலைல வந்து காட்டப் பாருங்க தெரியும்.

ஓமலூர்_காட்டுக்காரன் | பகல் 1:05

தினமும் விடிகாலை நாலரைக்கு காட்டுலதான் இருக்கேன் ஐயா. பனி இருக்கு. அந்தப் பனிய பாத்துட்டு பகல் வெயில மறந்தா கீழ்நாட்டுல இப்ப நட்ட தக்காளி பங்குனி கடைசில பூவ பூவா கொட்டும், பகல் வெயில் 35, 36 டிகிரின்னு ஏறிட்டா காய் புடிக்காது. மலைல அந்தத் தொந்தரவு இல்ல. அதனால அந்தப் பாப்பாவுக்கு இன்னும் நேரம் இருக்கு, எங்களுக்குத்தான் இல்ல. இதுக்கு பருவத்தோட பேரு எதுவா இருந்தா என்னங்க?

முப்பது_வருஷ_தோட்டம் | பகல் 1:20

பேரு முக்கியம்தான். பேர மறந்ததாலதான் அந்தப் பொண்ணு 5000 அடின்னு ஒரு நம்பர நம்பி ட்ரேய உள்ள பூட்டி வெச்சுது. நான் கோவத்துல சொல்லல, ஒவ்வொரு வருஷமும் விதை வீணாகறத பாக்கறேன். சரி, 22ல ஒரு பத்தாவது தேறும். கன்னங்குறிச்சி அம்மா சொன்ன முறை சரியா இருக்கு, அதையே செய்ங்க.

காப்பித்தோட்டம்_ஏற்காடு | மாலை 5:30

பருவச் சண்டைல மலைக் கணக்கையும் சொல்லிடறேன். எங்களுக்கு இப்ப எதிர்பாப்பெல்லாம் பூ மழைதான், மாசி பங்குனில ஒரு நல்ல மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாள்ல காப்பி வெள்ளையா பூத்து நிக்கும். வீட்டுத் தோட்டத்துக்கும் அந்த மழைதான் அளவு. தங்கச்சி, புது விதை ஒரு இருபது இப்பவே நேரா வெளிய தாழ்வாரத்து விளிம்புல காலை வெயில் படற மாதிரி போட்டு வெய்யுங்க, மூடி எதுவும் வேணாம், 25 நாள்ல நடலாம். கூடவே பீன்ஸ், முள்ளங்கி தரைலயே ஊனலாம், சௌசௌ முளைச்ச காய் இருந்தா பந்தலடில வெச்சுருங்க. பங்குனில கிணத்துத் தண்ணி கீழ போயிரும், அதுக்குள்ள பாத்திக்கு காஞ்ச இலை மூடாக்கு கனமா போடுங்க. வேலி இருக்கா? எங்க பக்கம் காட்டெருமை ராத்திரி எறங்குது, போன வருஷம் எங்க பீன்ஸ் பந்தல சாச்சுட்டுப் போச்சு.

பச்சை_இலை_79 | மாலை 6:02

காட்டெருமைக்கு வேலி கட்டி என்ன பிரயோஜனம், எங்க மாமா தோட்டத்து கம்பி வேலியவே தள்ளிட்டு வந்துச்சாம். தூக்கு விளக்கு கட்டுனா வராம நிக்குமா யாருக்காச்சும் தெரியுமா?

வேம்பு_நேசன் | மாலை 6:15

வேப்பெண்ணெய் வாசத்துக்கு வராதுன்னு கேள்விப்பட்டேன்.

காப்பித்தோட்டம்_ஏற்காடு | மாலை 6:20

எதுக்கும் அசராது தம்பி. ராத்திரி கிட்ட மட்டும் போயிராதீங்க, வனத்துறைக்கு போன் பண்ணுங்க.

மலைவீட்டு_மருமக | 19 மார்ச், இரவு 8:10

எல்லாருக்கும் நன்றி. 22ல 13 தேறுச்சு, கப்புல இருக்கு, தண்டு பருமனாயிருச்சு. வெளிய புதுசா போட்ட 20ல 18 முளைச்சு அதுதான் இன்னும் நல்லா இருக்கு. ஒரு பாத்திக்கு மாமியாரே மூடாக்கு போட்டுக் குடுத்தாங்க. நேத்து சாயங்காலம் மழை.

அல்புகர்க்கி_சூரமங்கலம் | 19 மார்ச், இரவு 8:55

படிச்சதும் அவ்வளவு சந்தோஷம். எனக்கு இன்னும் ஒரு மாசம் ட்யூப் லைட்டுதான்.

காப்பித்தோட்டம்_ஏற்காடு | 20 மார்ச், காலை 6:45

எங்களுக்கும் முக்கால் அங்குலம் மழை கெடச்சுது. தங்கச்சி, எலுமிச்சை என்ன ஆச்சு, மண் டெஸ்ட் குடுத்தீங்களா?

காப்பித்தோட்டம்_ஏற்காடு | 2 ஏப்ரல், காலை 7:05

எலுமிச்சை பத்தி சொல்லலியே தங்கச்சி. தூள வழிச்சாச்சா இல்லியான்னு மட்டுமாச்சும் சொல்லுங்க.