எஞ்சின் ஒயிலில் டீசல் கலந்து மட்டம் உயர்கிறது: வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி (கொட்பே படகுக்காரர்)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 28 அடி நீளமான ஒருநாள் படகொன்று இருக்கிறது. திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிவைத்து, நானும் அப்பாவும் தொழில் செய்கிறோம். எஞ்சின், லொறிக்கென்று செய்யப்பட்டுப் பின்னர் கடலுக்கேற்ப மாற்றப்பட்ட நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்ப் 8 லீற்றர் கொள்ளும்.

சென்ற மாதம் ஒயில் மாற்றி மேல்கோடு வரை ஊற்றினேன். அதன் பிறகு நான்கு தடவைகள், ஒவ்வொரு தடவையும் எட்டு மணி நேரமளவில் ஓடியிருக்கும். நேற்று டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோது, ஒயில் மேல்கோட்டையும் தாண்டி ஏறக்குறைய ஒரு விரல் அகலம் உயர்ந்திருந்தது. என் கணக்கில் அது 1 லீற்றர். விரலில் தேய்த்தால் வழுவழுப்புக் குறைந்து, டீசல் மணக்கிறது. பால்போல வெளுக்கவில்லை என்பதால் கடல்நீர் இறங்கவில்லை என்று நினைக்கிறேன். சூடேறிய பின் மெதுவோட்டத்தில் முன்பு சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலுக்கு மேல் நின்ற ஒயில் அமுக்கம், இப்போது 10க்குக் கீழே போகிறது. வெள்ளைப் புகையோ நீலப் புகையோ இல்லை.

காட்டிய இடத்தில், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, எஞ்சினை இறக்கி முழுதாகத் திறக்க வேண்டும் என்றார்கள். அதற்கான பணம் எங்களிடம் இல்லை. ஐப்பசி வந்து வாடை எழுவதற்கும் சில கிழமைகளே இருக்கின்றன. எஞ்சினை இறக்காமல் காரணத்தைக் கண்டறிய வழியுண்டா? அதுவரை புதிய ஒயில் ஊற்றிக்கொண்டு தொழிலுக்குப் போகலாமா?

பதில் (ஓய்வுபெற்ற மெக்கானிக், சீனக்குடா)

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போக வேண்டாம். 8 லீற்றர் ஒயிலோடு 1 லீற்றர் டீசல் சேர்ந்தால், சம்பில் இருப்பதில் நூற்றுக்கு 11 பங்கு டீசல். 5 பங்கைத் தாண்டினாலே ஒயிலைக் கொட்டிவிட வேண்டும் என்பது பொதுவான எல்லை. நீர்த்துப்போன ஒயில், கிராங் தண்டுக்கும் பியறிங்குக்கும் நடுவே படலமாக நிற்காமல் நழுவிவிடும். உங்கள் அமுக்கமானி காட்டுவது அதைத்தான். புதிய ஒயிலும் சில நாட்களில் இதே நிலைக்கு வரும்.

வளையம் தேய்ந்தது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. வளையம் தேய்ந்த எஞ்சின் ஒயிலைக் குடிக்கும். மட்டம் இறங்கும், நீலப் புகை வரும், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளிவிடும் மூச்சுக்குழாயிலிருந்து ஆவி தள்ளும். உங்களுக்கோ மட்டம் ஏறுகிறது. சிலிண்டர் வழியாக டீசல் இறங்க வேண்டுமென்றால், இன்ஜெக்டர் ஒழுகி, எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு போக வேண்டும். அப்படியானால் காலையில் எஞ்சினை எழுப்பும்போது வெள்ளைப் புகையைக் கண்டிருப்பீர்கள். ஆகவே இன்ஜெக்டரின் மீதான சந்தேகத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. 32 மணி நேரத்தில் 1 லீற்றர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி என்று வைத்தால், நிமிடத்துக்குப் பத்துத் துளி. நீங்கள் தேடுவது ஓட்டமல்ல, சொட்டு. எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிட்டு டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சந்தேகமுள்ள ஒவ்வோர் இடத்தையும் தனியாக அமுக்கம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அவுட்போட் எஞ்சினின் எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர் கைப்பம்ப் போதும். முதலில், தாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும், எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் லிஃப்ட் பம்பைக் கழற்றுங்கள். அதன் வெளிவாயை அடைத்து, உள்வாயில் கைப்பம்பை இணைத்து, பந்து இறுகும்வரை டீசலை அழுத்திப் பிடியுங்கள். உள்ளேயுள்ள டயபிரம் என்ற சவ்வு கிழிந்திருந்தால், எஞ்சினுக்குள் நுழையும் நெம்புகோல் பக்கத்தில் டீசல் கசியும். இந்த வகை எஞ்சின்களில் நான் அதிகம் கண்ட குற்றவாளி இதுதான்.

அது உலர்ந்திருந்தால், எஞ்சினின் மேல்மூடியான ரொக்கர் கவரைத் திறந்து பாருங்கள். சில எஞ்சின்களில் இன்ஜெக்டர்களில் எஞ்சும் டீசலைத் தாங்கிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய குழாய், வெளியே போகாமல் கவருக்கு அடியிலேயே கிடக்கும். அங்கே ஒரு மூட்டு கசிந்தாலும் டீசல் நேராகச் சம்புக்கு இறங்கிவிடும். புகையும் வராது, எஞ்சின் இழுவையும் குறையாது. டீசல் அடிக்கும் பெரிய பம்பைக் கடைசிவரை தொடாதீர்கள். அதன் தண்டு சீல் கசிவதும் உண்டு, ஆனால் கழற்றினால் டைமிங் குறியைப் பார்த்துச் சரியாகப் பூட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பதில் (கிண்ணியா)

ஐயா சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. எங்கள் படகில் இதே நிலையைக் கவனிக்காமல் விட்டதால், கொட்டியாரக்குடாவில் எஞ்சின் தன்பாட்டில் வேகமெடுத்தது. மட்டம் கூடியதால் கிராங் அடித்துத் தெறித்த ஒயில், மூச்சுக்குழாய் வழியாகக் காற்று உள்ளிழுக்கும் வாய்க்குப் போய், எஞ்சின் அதையே எரிக்கத் தொடங்கிவிட்டது. நிறுத்தும் கம்பியை இழுத்தும் நிற்கவில்லை, டீசல் குழாயை மூடியும் நிற்கவில்லை. ஐஸ் பெட்டியின் பலகை மூடியைக் காற்று வாயில் அழுத்திப் பிடித்த பிறகே அடங்கியது. கையையோ துணியையோ கொண்டு அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். சோதனைக்காக எஞ்சினை எழுப்புவதானால், வாய்க்குப் பொருந்தும் பலகையொன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

ஐயா சொன்ன ஒழுங்கிலேயே செய்தோம். லிஃப்ட் பம்ப் கால் மணி நேரம் அமுக்கத்தில் இருந்தும் உலர்ந்தே இருந்தது. ரொக்கர் கவரைத் திறந்தபோது, திரும்புகுழாய் நீங்கள் சொன்னபடி உள்ளேதான் கிடந்தது. மூட்டுகளையெல்லாம் துணியால் துடைத்து, குழாயின் வெளிமுனையில் கைப்பம்பை இணைத்து மெதுவாக அழுத்தினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சில நிமிடங்கள் கழித்து, மூன்றாவது சிலிண்டரின் மூட்டில் ஒரு துளி திரண்டு விழுந்தது; பிறகு அடுத்தது. அப்பாதான் அதை முதலில் கண்டார்.

கழற்றிப் பார்த்தால், அங்கிருந்த செம்பு வாஷர் நசுங்கி, ஒரு பக்கம் கீறல் விழுந்திருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் இன்ஜெக்டர்களைச் சோதித்துப் பூட்டியபோது பழைய வாஷர்களையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். நான்கு மூட்டுகளுக்கும் மூட்டுக்கு இரண்டாக எட்டுப் புதிய வாஷர்கள் போட்டு மீண்டும் அழுத்திப் பார்த்தோம். அரை மணி நேரமும் உலர்வாகவே இருந்தது.

ஒயிலைச் சூட்டோடு டிப் ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்து, மலிவான ஒயில் ஊற்றிப் பத்து நிமிடம் மெதுவோட்டத்தில் ஓடவிட்டு அதையும் எடுத்தோம். பிறகு புதிய பில்டருடன் 15டபிள்யூ-40 ஊற்றினோம். எடுத்த ஒயில் முழுவதும் கான்களில் இருக்கிறது. துறைமுகத் தண்ணீரில் ஒரு சொட்டும் விடவில்லை. மெதுவோட்ட அமுக்கம் சூட்டிலும் 22க்கு வந்துவிட்டது. இருந்தாலும் பியறிங் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கும் என்ற பயம் போகவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற மெக்கானிக், சீனக்குடா)

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், தம்பி. கழற்றிய பழைய பில்டரை எறிந்துவிடாமல், அதன் தகரத்தை வெட்டி உள்ளேயுள்ள காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ ஈய நிறத்திலோ மின்னும் செதில்கள் இருந்தால் பியறிங் அரைபட்டிருக்கிறது. அப்போது சம்பைக் கழற்றத்தான் வேண்டும். கரி மட்டுமே இருந்தால் தொழிலுக்குப் போகலாம். இந்த ஒயிலை மட்டும் முழுக் காலமும் வைத்திருக்காமல் 50 மணி நேரத்தில் மாற்றி, அந்தப் பில்டரையும் வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் எஞ்சினை எழுப்பும் முன், கரையில் கட்டிய நிலையில், படகின் பின்பக்கமான பின்னணியத்தில் யாரும் நிற்காதபோது மட்டத்தைப் பாருங்கள். படகு சாய்ந்தால் கோடும் பொய் சொல்லும்.

கேள்வி கேட்டவரின் பதில்

வெட்டிப் பார்த்தோம், ஐயா. கரி மட்டுமே இருந்தது. இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்துவிட்டோம். மட்டம் மேல்கோட்டிலேயே நிற்கிறது.