உதவி: கோன் ஃபில்டர் போட்டேன், சத்தம் வந்தது, குதிரைத்திறன் எங்கே?

மூன்றாம்கியர்:
வணக்கம். என் கார் 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. கம்பெனிக் கணக்கில் 105 குதிரைத்திறன். இரண்டு வாரத்துக்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியை முழுக்கக் கழற்றிவிட்டு, அலுமினியக் குழாயும் கோன் ஃபில்டரும் (பெட்டி இல்லாத, கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) மாட்டினேன். அட்டையில் "12 குதிரைத்திறன் வரை கூடும்" என்று போட்டிருந்தது.

முதல் நாள் அந்த உறுமலைக் கேட்டு கார் பறக்கிறது என்றே நினைத்தேன். மறுநாள் நெரிசலில் சிக்கி நின்று எடுத்தபோது இழுவையே இல்லை. நேற்று செக் என்ஜின் விளக்கும் எரிந்துவிட்டது. ஸ்கேனரில் பி 0171 என்ற பிழைக் குறியீடு. மாட்டிக்கொடுத்தவரோ "கம்ப்யூட்டர் பழகிக்கொள்ளும், 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள்" என்கிறார். 600 ஓட்டியாயிற்று.

விளக்கு எதனால் எரிகிறது? அப்புறம், 12 வேண்டாம், ஒரு 5 ஆவது கூடுமா?

சைலன்சர்சித்தப்பா:
"வரை" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? பூஜ்யமும் அதற்குள் அடக்கம்.

பழையகார்பரேட்டர்:
தம்பி, இரண்டாவது கேள்விக்கு யாரையும் நம்ப வேண்டியதில்லை, நீங்களே அளந்துவிடலாம். சாவியை ஆன் செய்து, என்ஜினைக் கிளப்பாமல் ஸ்கேனரில் மேப் சென்சார் (என்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) எண்ணைப் பாருங்கள். அதுதான் வெளிக்காற்றின் அழுத்தம். பிறகு ஆளில்லாத நேர்ச்சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, இரண்டாம் கியரில் முழுவதுமாக மிதித்து 6000 ஆர்பிஎம் நெருங்கும்போது அதே எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபில்டர், குழாய், த்ராட்டில் (மிதிக்கு ஏற்பத் திறக்கும் காற்றுக் கதவு) எல்லாம் சேர்ந்து காற்றைத் தடுக்கும் அளவு. பழைய பெட்டியை மாட்டியும் ஒருமுறை பாருங்கள். பெட்டி எவ்வளவு தடுத்ததோ அதற்கு மேல் எந்தக் கோனும் திருப்பித் தர முடியாது.

நெரிசலில் இழுவை குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. பழைய பெட்டி முன்பக்கக் கிரில் அருகிலிருந்து வெளிக்காற்றை எடுத்தது. உங்கள் கோன் பானட்டுக்குள் ரேடியேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சூடான காற்றைக் குடிக்கிறது. காற்று ஏறக்குறைய 3 டிகிரி சூடானால் அடர்த்தி 1 சதவீதம் குறையும். சூடு ரொம்ப ஏறினால் ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கையும், அதாவது தீப்பொறி விழும் நேரத்தையும், பின்னுக்கு இழுக்கும். உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பூஸ்ட்பைத்தியம்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் டர்போ காரில் இன்டேக் (ஃபில்டரும் காற்றுக்குழாயும்) மாற்றி வித்தியாசம் தெரிந்தது. குதிரைத்திறன் அளக்கும் டைனோ இயந்திரத்திலும் ஏறியது.

பழையகார்பரேட்டர்:
ரீமேப் (ஈசியூவின் மென்பொருள் கணக்கை மாற்றுவது) செய்தீர்களா?

பூஸ்ட்பைத்தியம்:
ஆமாம், இரண்டும் ஒரே நாளில்.

பழையகார்பரேட்டர்:
அப்படியானால் எது எவ்வளவு கொடுத்தது என்று பிரிக்கவே முடியாது. டர்போவில் பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ரீமேப்பில் பூஸ்ட்டை (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கூட்டி, ஒரிஜினலைவிட நிறைய காற்று இழுக்கும்போது பழைய பெட்டி நிஜமாகவே கழுத்தைப் பிடிக்கும். ரீமேப் இல்லாமல் வெறும் இன்டேக் என்றால், ஈசியூ தான் குறித்து வைத்த பூஸ்ட்டுக்கு மேல் பெரும்பாலும் விடாது.

டைனோ பற்றி ஒன்று. அங்கே பானட் திறந்திருக்கும், முன்னால் பெரிய ஃபேன் ஓடும். சாலையில் கோன் படும் சூடு அங்கே தெரியவே தெரியாது. தவிர, ஒன்றும் மாற்றாமல் ஒரே காரை மூன்று தடவை ஓட்டினாலே எண் ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே வரும். உங்கள் 105-இல் அது 2 குதிரைத்திறன்!

ஸ்பேனர்பத்து:
விளக்கு விஷயத்துக்கு வருவோம். பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். ஈசியூ எவ்வளவு பெட்ரோல் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறது என்பதை லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் சொல்லும். ஐடிலிங்கில் (மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) எவ்வளவு, 2500 ஆர்பிஎம்மில் எவ்வளவு? இரண்டிலும் ஒரே மாதிரி கூடியிருந்தால் மாஃப் சென்சார் (குழாயில் போகும் காற்றின் அளவை அளப்பது) மேல் சந்தேகம். அது பழைய குழாயின் விட்டத்துக்குக் கணக்குப் போட்டது. புதுக் குழாய் அகலம் என்றால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எண்ணெய் தடவிய ஃபில்டர் என்றால் அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்தும் கெடுக்கும். ஐடிலிங்கில் மட்டும் அதிகம் என்றால் கதை வேறு.

மூன்றாம்கியர்:
எல்லாம் பார்த்தேன். வெளியே 33 டிகிரி. நெரிசலில் கோனுக்குள் போகும் காற்று 58. பழைய பெட்டியை ஒரு மாலை மட்டும் மாட்டி அதே சாலையில் போனேன், 41. மேப்: நிற்கும்போது 100 கிலோபாஸ்கல், முழு மிதியில் கோனுக்கு 98, பழைய பெட்டிக்கு 97.
கோனோடு ட்ரிம் ஐடிலிங்கில் +19 சதவீதம், 2500-இல் +5.

பழையகார்பரேட்டர்:
பதில் கிடைத்துவிட்டதே. ஒரு கிலோபாஸ்கல், அதாவது சுமார் 1 சதவீதம், உங்கள் காருக்கு 1 குதிரைத்திறன். அந்த எண் முழு எண்ணாகத்தான் வரும் என்பதால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நெரிசலில் 17 டிகிரி சூட்டுக்கு 5 சதவீதம் போகிறது. பாதி மிதியில் ஓட்டும்போது காற்றைத் தடுப்பதே த்ராட்டில்தான், அங்கே ஃபில்டரை மாற்றி மைலேஜும் கூடாது.

ஸ்பேனர்பத்து:
ஐடிலிங்கில் 19, மேலே போனால் 5. இது அளக்காத காற்று எங்கோ நுழைவது. வால்வ் கவரிலிருந்து (என்ஜினின் மேல்மூடி) பழைய காற்றுக்குழாய்க்கு ஒரு ரப்பர் ஹோஸ் வந்ததே, அது இப்போது எங்கே?

மூன்றாம்கியர்:
புதுக் குழாயில் அதற்கு இடமே இல்லை அண்ணே. வால்வ் கவர் வாயில் விரல் அளவு ஒரு குட்டி ஃபில்டரைச் செருகிவிட்டார். அழகாகத்தான் இருக்கிறது.

ஸ்பேனர்பத்து:
அந்த அழகுதான் விளக்கு. பிசிவி வால்வ் என்ஜினுக்குள்ளிருந்து ஆவியை மேனிஃபோல்டுக்கு (த்ராட்டிலுக்குப் பிறகு உள்ள காற்றுப் பாதை) இழுக்கிறது. அதற்கு ஈடான புதுக் காற்று, மாஃப் தாண்டிய இடத்திலிருந்து அந்த ஹோஸ் வழியாக வர வேண்டும். இப்போது குட்டி ஃபில்டர் வழியாக, சென்சாருக்குத் தெரியாமல் வருகிறது. ஐடிலிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அது பெரிதாகத் தெரிகிறது. கோன் வேண்டும் என்றால் மாஃபுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு நிப்பிள் (ஹோஸ் செருகும் சிறு மூக்கு) வைத்து ஹோஸைச் சேருங்கள்.

பூஸ்ட்பைத்தியம்:
கோனைக் கீழே பம்பருக்குள் இறக்கினால் குளிர்ந்த காற்று வருமே?

ஸ்பேனர்பத்து:
வரும். தேங்கிய தண்ணீரில் இறங்கினால் அதுவும் வரும். என்ஜினுக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

மூன்றாம்கியர்:
புதுப் பேப்பர் ஃபில்டரோடு பழைய பெட்டிக்கே திரும்பிவிட்டேன். ஹோஸ் அதன் இடத்தில். ட்ரிம் இப்போது +3, +2. ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்தேன், விளக்கு திரும்ப வரவில்லை. உறுமல் போனதுதான் கொஞ்சம் வருத்தம். கோனை விற்கப் போகிறேன்.

சைலன்சர்சித்தப்பா:
அட்டையோடு கொடுங்கள். அந்த 12 அதில்தான் இருக்கிறது.

மூன்றாம்கியர்:
கடைசியாக ஒன்று. மாஃபை ஒருமுறை துடைத்துவிடலாமா?

ஸ்பேனர்பத்து:
ட்ரிம் +3-இல் இருக்கும்போது தொடாதீர்கள். எப்போதாவது செய்வதென்றால் மாஃபுக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும், கார்பரேட்டர் க்ளீனர் வேண்டாம். கம்பியில் துணியோ பட்ஸோ படக் கூடாது. காய்ந்த பிறகு மாட்டுங்கள்.