குடல்வால் அழற்சி: ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே சரியாகுமா?

கேள்வி: தங்கைக்கு 26 வயது. நேற்று ராத்திரியிலிருந்து வலது அடிவயிற்றில் வலி, ஸ்கேன் எடுத்ததில் குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிக்கவில்லை என்கிறார்கள். ஒரு டாக்டர் இன்றே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். மருந்தை நம்பலாமா?

பதில் 1: நம்பலாம், ஆனால் முழு உத்தரவாதம் கிடையாது. பின்லாந்தில் 530 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2015ல் வெளியிட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஓராண்டு வரை ஆபரேஷன் தேவைப்படவில்லை. அவர்களையே தொடர்ந்து கவனித்தபோது, 5 ஆண்டுக்குள் சுமார் 39 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருந்தது. அப்படி வந்த பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, தள்ளிப்போட்டதால் பெரிய கெடுதல் எதுவும் தெரியவில்லை.

பதில் 2: முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் குடல்வாலுக்குள் கல் இருக்கிறதா என்று கேளுங்கள், இதுதான் முக்கியம். பின்லாந்து ஆய்வில் கல் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. 2020ல் அமெரிக்காவில் 1552 பேரிடம் செய்த ஆய்வில் சேர்த்தார்கள்: மருந்து எடுத்தவர்களில் கல் இருந்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் ஆகிவிட்டது, இல்லாதவர்களில் 25 சதவீதம். கல் இருந்தால் நான் யோசிக்காமல் ஆபரேஷன்தான் சொல்வேன்.

பதில் 3: என் அண்ணன் மருந்திலேயே தேறி நாலு வருஷம் ஆகிறது. காய்ச்சல் ஏறினாலோ வலி கூடினாலோ மட்டும் காத்திருக்காதீர்கள். அப்புறம் அம்மாவையும் டாக்டரிடம் நேராகப் பேச வையுங்கள், பாதி பயம் போய்விடும்.

கேட்டவர்: நன்றி. கல் இல்லையாம். மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள், நாளைக் காலை மறுபடி பார்க்கிறார்கள்.