ஸ்டென்ட் வைத்தவருக்குக் கோல்சிசின் சேர்க்கலாமா? – டர்பன் விவாதம்

சாட்ஸ்வொர்த்காரன்:
மாரடைப்புக்குப் பிறகு என் பெரியப்பாவுக்கு தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழல் வைத்து ஓராண்டு கடந்துவிட்டது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு இலக்குக்குள் வந்தும், அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சிஆர்பி லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவில்லை. தமனியின் உட்சுவரில் அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது என்றே இதைக் கொள்கிறேன். 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்து சிஆர்பியும் உயர்ந்திருந்த பத்தாயிரம் பேரிடம், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் கானகினுமாப் ஊசியின் 150 மில்லிகிராம் அளவே அடுத்தடுத்த பாதிப்புகளை 15 விழுக்காடு குறைத்தது. அப்படியிருக்க, அழற்சியைத் தணிக்கும் மலிவான மாத்திரையான கோல்சிசினை நாளுக்கு 0.5 மில்லிகிராம் கொடுக்க மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

பீனிக்ஸ் மருந்தாளுநர்:
தயக்கத்துக்குக் காரணம் உண்டு, ஐயா. சிஆர்பி கல்லீரலில் உருவாவது. எந்த உறுப்பின் அழற்சி அதைத் தூண்டியது என்று அந்த எண் சொல்லாது. ஈறு வீங்கினாலும், குளிர்காலச் சளி பிடித்தாலும் அது ஏறும். காசநோய் மலிந்த நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் அந்த ஐயமும் சேர்ந்துகொள்கிறது. கேன்டோஸில் உயிரைப் பறித்த தொற்றுகள் கூடின என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. கோல்சிசினைப் பொறுத்தவரை, 2024இல் வெளியான கிளியர் ஆய்வில் 7,062 பேரில் மருந்து பெற்றவர்களில் 9.1 விழுக்காட்டினரும் போலி மாத்திரை பெற்றவர்களில் 9.3 விழுக்காட்டினரும் இதய, இரத்தக்குழாய் பாதிப்புக்கு ஆளானார்கள். இதை எப்படிப் பயன் என்பது?

சாட்ஸ்வொர்த்காரன்:
கிளியர் ஆய்வு மாரடைப்பு வந்த கையோடு மருந்தைத் தொடங்கியது. நோய் நிலைபெற்றவர்களை எடுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் லோடோகோ-2 ஆய்வில் 5,522 பேர் இருந்தார்கள், அங்கே போலி மாத்திரை பெற்றவர்களிடம் 9.6 விழுக்காடாக இருந்த பாதிப்பு, கோல்சிசின் பெற்றவர்களிடம் 6.8 ஆகக் குறைந்தது. பெரியப்பா இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

துகேலாக்கரை:
இருவரும் மருந்தையே சுற்றி வருகிறீர்கள். இரத்தக் குழாயைப் பற்றியும் பேச வேண்டும். நலமான உட்சுவர், அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரந்து தமனியை விரியச் செய்யும். கொழுப்பு படிந்த இதயத் தமனியோ அதே பொருளுக்குச் சுருங்குகிறது என்று 1986இலேயே காட்டினார்கள். அந்தச் சுரப்பைக் கெடுப்பவற்றில் புகையும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் முன்னணியில் நிற்கின்றன. பெரியப்பா புகைக்கிறாரா?

சாட்ஸ்வொர்த்காரன்:
தேநீருக்குப் பின் ஸ்டூப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து ஒன்றிரண்டு சிகரெட் பிடிப்பார். மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் விடும்வரை காத்திருப்பது முறையா? எங்கள் வீட்டில் ஒருவர், வேலியோரம் படர்ந்த செங்காந்தளிலும் இதே சத்து இருக்கிறதாமே என்று வேறு கேட்கிறார்.

பீனிக்ஸ் மருந்தாளுநர்:
அந்தக் கிழங்கின் பக்கமே போகவிடாதீர்கள். கோல்சிசின் அதில் இருப்பது உண்மைதான். அளவு தெரியாமல் தின்றவர்கள் வயிற்றுப்போக்கில் தொடங்கி, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்திருக்கிறார்கள். மாத்திரையிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு நஞ்சேறும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தால் ஆபத்து பெருகும். முதலில் சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கட்டும். சளி காய்ச்சல் இல்லாத நாளில், இரண்டு வாரம் விட்டு, சிஆர்பியை மறுபடி எடுக்கட்டும். அப்போதும் உயர்ந்தே இருந்தால் என் எதிர்ப்பு பாதியாகிவிடும்.

சாட்ஸ்வொர்த்காரன்:
மறுபரிசோதனைக்கு உடன்படுகிறேன். புகைப்பதை விட்டால்தான் மருந்து என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அப்படி ஒரு நிபந்தனையை ஸ்டாட்டினுக்கு யாரும் வைக்கவில்லை.

துகேலாக்கரை:
நிபந்தனை என்று நான் சொல்லவில்லை, தம்பி; வரிசையைச் சொன்னேன். ஒரு கையால் மாத்திரையும் மறு கையால் சிகரெட்டும் கொடுத்தால், உட்சுவர் எதைக் கேட்கும்?