கடுகுப் பூவுக்குள் பாக்டீரியா மரபணு: டிஎம்எச்-11 தேவைதானா?

கொல்லைக்காடு
நம் வீட்டுத் தாளிப்புக் கரண்டியில் வெடிக்கிற கடுகு பெரும்பாலும் வடக்கே ராஜஸ்தான் பக்கம் விளைவது. அதனால் "நம்ம ஊர்ப் பயிர் இல்லையே, நமக்கென்ன" என்று ஒதுங்க வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய டிஎம்எச்-11 என்ற மரபணு மாற்றுக் கடுகை வயலில் விடலாம் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசின் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலை 23 அன்று நீதிபதி நாகரத்னா அனுமதி செல்லாது என்றார், நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றார். விஷயம் அந்தரத்தில் நின்றது.

என் எதிர்ப்பு எளிமையானது. பார்னேஸ் என்பது ஒரு மண் பாக்டீரியாவின் நஞ்சு. செல்லுக்குள் ஆர்என்ஏவை வெட்டிப் போட்டுச் செல்லைக் கொல்லும். வீரிய ஒட்டு விதை எடுக்க வேண்டுமானால் தாய்ச் செடி தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கக் கூடாது. அதற்காக டிஎம்எச்-11இன் தாய்ச் செடியில், பூவின் மகரந்தப்பைக்குள் இந்த நஞ்சை வைத்து ஆண்மையை அழிக்கிறார்கள். இது மலட்டு விதை. இயற்கை ஒருநாளும் செய்யாத வேலை. மறுப்பவர்கள் வரலாம்.

நுண்ணாடி
வந்துட்டேன் அண்ணே. நான் நெல்லில் ஆண்மலட்டு வரிசைகளோட, அதாவது நல்ல மகரந்தம் வராத செடிகளோட, மல்லுக்கட்டுற ஆய்வு மாணவி. உங்க ரெண்டாவது பத்தியில் முதல் பாதி சரி. "இயற்கை ஒருநாளும் செய்யாத வேலை" மட்டும் தப்பு. தப்புன்னா சின்னத் தப்பு இல்லை.

காலையில் ஒன்பது மணிக்குள்ள வயலுக்குப் போவேன். நெல் பூ பத்து, பத்தரைக்குத்தான் வாய் திறக்கும். அதுக்கு முன்னாடியே கதிரோட நுனியில் இருந்து மூடின பூக்களை எடுத்துக்கணும். ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப்பை. ஊசியால் நசுக்கி, ஒரு சொட்டு அயோடின் விட்டு, கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைப்பேன். நல்ல செடியோட மகரந்தம் உருண்டையா, ஸ்டார்ச் நிறைஞ்சு, கருநீலமா கடுகு கொட்டின மாதிரி தெரியும். ஆண்மலட்டுச் செடியோடது மஞ்சளா, சுருங்கி, கோணல்மாணலா, உமி மாதிரி கிடக்கும். சாயமே ஏறாது.

அந்தச் செடிக்குள்ள எந்த பாக்டீரியா மரபணுவையும் யாரும் வைக்கலை. 1970 நவம்பரில் சீனாவோட ஹைனான் தீவில் யுவான் லாங்பிங் குழுவினர் ஒரு காட்டு நெல்செடியைக் கண்டெடுத்தாங்க. மகரந்தம் இயற்கையிலேயே கருகிப்போன செடி. இந்தியாவில் இன்னைக்கு விக்கிற வீரிய ஒட்டு நெல் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு செடியோட சைட்டோபிளாசம்தான், அதாவது செல்லில் உட்கருவுக்கு வெளியே இருக்கிற பகுதிதான், தாய்வழிச் சொத்து.

கொல்லைக்காடு
தங்கச்சி, காட்டில் தானாக நடந்த ஒன்றும் ஆய்வகத்தில் வெட்டி ஒட்டிய ஒன்றும் எப்படி ஒன்றாகும்? பாம்புக்குப் பல்லில் விஷம் இருக்கிறது என்பதற்காக நாம் சோற்றில் வைக்கலாமா?

நுண்ணாடி
உவமை நல்லாத்தான் இருக்கு. ஆனா பூவுக்குள்ள நடக்கிறதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

மகரந்தப்பைச் சுவரில் நாலு அடுக்கு. கடைசி உள் அடுக்குக்கு டபீட்டம்னு பேர், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கு. வளர்ற மகரந்தத்துக்குச் சோறு போடுறதே அதுதான். தாய் செல் குன்றல் பகுப்பில் நாலாப் பிரிஞ்சதும், அந்த நாலையும் ஒட்டி வெச்சிருக்கிற கேலோஸ் உறையைக் கரைக்கிற நொதி டபீட்டத்தில் இருந்துதான் வருது. மகரந்தத்தோட வெளி ஓடு கட்டுறதுக்கான சரக்கும் அங்கிருந்துதான். எல்லாத்தையும் குடுத்துட்டு டபீட்டம் தானே செத்துப்போகணும். குறிச்ச நேரத்துக்கு முன்னாடி செத்தாலும் மகரந்தம் போச்சு, சாகாம உக்காந்திருந்தாலும் போச்சு.

இதுக்குன்னே வரிசையா மரபணுக்கள் இருக்கு. அரபிடோப்சிஸ்னு ஆய்வுக்கு வளர்க்கிற சின்னச் செடியில் இஎம்எஸ்1 மரபணு கெட்டா டபீட்டம் உருவாகவே உருவாகாது, அந்த இடத்திலயும் மகரந்தத் தாய் செல்லே கூடுதலா நிக்கும். சமைக்க ஆள் இல்லாத பந்தி மாதிரி. எல்லாம் பட்டினி. அதுக்கு அடுத்த படியில் டிஒய்டி1, அதுக்கப்புறம் ஏஎம்எஸ், எம்எஸ்1னு ஒண்ணு இன்னொண்ணைத் தட்டி எழுப்பிக்கிட்டே போகும். எந்தப் படி உடைஞ்சாலும் ஆண்மலடு.

இப்ப அந்தக் காட்டு நெல்லுக்கு வருவோம். செல்லுக்குச் சக்தி குடுக்கிற அதோட மைட்டோகாண்ட்ரியாவில் டபிள்யூஏ352ன்னு ஒரு விசித்திர மரபணு. பல துண்டு சேர்ந்து தானா முளைச்சது. 2013-ல் கண்டுபிடிச்சாங்க. அந்தப் புரதம் டபீட்டத்தில் சேர்ந்து, மைட்டோகாண்ட்ரியாவோட வேலைக்கு வேணுங்கிற காக்ஸ்11 புரதத்தைப் பிடிச்சு நிறுத்தி, டபீட்டத்தைக் காலத்துக்கு முன்னாடி சாக வைக்குது. பார்னேஸும் புகையிலையோட டிஏ29 என்கிற மரபணு சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டு டபீட்டத்தில் மட்டும் வேலை செஞ்சு அதையேதான் சாக வைக்குது. வழி வேற, சாகிற அடுக்கு ஒண்ணுதான் அண்ணே.

பேருந்து நிறுத்தம்
கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்க இழையே காரமா போகுது. உக்காந்து படிக்கிறேன்.

ஆத்தூர்க்காரன்
படிச்சவங்க பேசுறீங்க, நான் பூ உடைக்கிறவன் பேசுறேனுங்க. பருத்தி விதைக் காடு பன்னெண்டு வருசம் போட்டவன். சாயங்காலம் மூணு மணிக்கு மேல, மறுநாள் விரியப்போற மொக்கு எதுன்னு பாத்து, கட்டைவிரல் நகத்தால அல்லியோட சேத்து மகரந்தக் குழாயை ஒரே சுத்துல உரிச்சு எடுக்கோணும். சூலகத்துல நகம் பட்டா காய் உதுந்துரும். அப்புறம் அடையாளத்துக்குச் செவப்புக் காகிதம். மறுநாள் காலையில ஆண் பூவைப் பறிச்சாந்து தடவோணும். ரெண்டு மாசத்துக்குப் பக்கமா, தினமும். பொம்பளைங்க இடுப்பு என்னாகும்னு நீங்களே நெனச்சுக்கோங்க.

ஒரு வருசம் மழை வந்து ரெண்டு சாயங்காலம் மொக்கு உடைக்கத் தவறிப்போச்சு. அதுங்க தன் மகரந்தத்துலயே காய் புடிச்சுருச்சு. எங்க கம்பெனி விதைச் சோதனையில கலப்புன்னு சொல்லி மொத்த மூட்டையையும் தள்ளிட்டாங்க. வருசம் பூரா பாடுபட்டது பஞ்சு வெலைக்குப் போச்சு. மகரந்தமே இல்லாத செடின்னு ஒண்ணு இருந்தா அதைக் கும்புடுவேன். நீங்க சண்டை போடுங்க.

கொல்லைக்காடு
ஆத்தூர் அண்ணன் வலியை மறுக்கவில்லை. ஆனால் அது பருத்தி. 1970-ல் சூரத்தில் சி.டி.படேல் கொண்டுவந்த எச்-4, உலகில் முதன்முதலாக வணிகத்துக்கு வந்த வீரிய ஒட்டுப் பருத்தி, இப்படிக் கையால் பூ உடைத்துத்தான் வந்தது. கை போதும் என்றால் எதற்கு நஞ்சு?

நுண்ணாடி
ஏன்னா ஒரு பருத்திக் காய்க்கு முப்பது விதை தேறும். கடுகுக் காயில் பத்துப் பதினஞ்சு. நெல் பூவுக்கு ஒரே ஒரு விதை. கடுகு மொக்குக்குள்ள ஆறு மகரந்தத்தாளை இடுக்கியால் பிடுங்கி, ஒரு ஏக்கருக்கு வேணுங்கிற விதையைக் கையால் எடுக்கணும்னா ஊரையே கூட்டினாலும் ஆகாது. ஆண்மலடு இல்லாம வீரிய ஒட்டு நெல்லும் இல்லை, கடுகும் இல்லை.

"மலட்டு விதை" என்பதையும் திருத்திக்கோங்க. மலடு தாய் வரிசையோட நிக்குது. விவசாயி கைக்கு வர்ற விதைக்கு அப்பன் பார்ஸ்டாரைக் கொண்டு வருது. பார்னேஸைத் தயாரிக்கிற அதே பாக்டீரியா தன்னைக் காப்பாத்திக்க வெச்சிருக்கிற பூட்டு அது. நெல்லில் அந்த வேலையை ஆர்எஃப்3, ஆர்எஃப்4 மரபணுக்கள் செய்யுது. வயலில் காய் பிடிக்கும்.

பாட்டனி வாத்தியார்
ஒரு சின்னத் திருத்தம் அம்மா. முதல் தலைமுறையில் காய் பிடிக்கும் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். விவசாயி அந்த விதையை எடுத்து வைத்து மறுபோகம் விதைத்தால்? பார்னேஸ், பார்ஸ்டார் இரண்டும் ஒற்றைப் பிரதியாக உள்ள செடியில் இருந்து 16-க்கு 3 பங்கு செடிகள் பார்னேஸ் மட்டும் பெற்று ஆண்மலடாகும். ஆனால் டிஎம்எச்-11 வயலில் பார்னேஸ் உள்ளவை பாதிச் செடிகள்தாம். ஆக எல்லாம் தன்மகரந்தச் சேர்க்கை என்று கொண்டால் 32-க்கு 3. அவையும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தில் காய் பிடிக்கும். வீரிய ஒட்டு நெல்லிலும் மறுதலைமுறையில் ஒரு பங்கு இப்படி மலடாகிப் பதராகும். ஆகவே கொல்லைக்காடு சொன்னதில் துளி உண்மை உண்டு, அது எல்லா வீரிய ஒட்டுக்கும் பொது.

கொல்லைக்காடு
நன்றி ஐயா. துளி என்றாலும் உண்மை.

சரி, தங்கச்சி கணக்கை நானும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "இயற்கையும் இதையேதான் செய்கிறது" என்பது ஆறுதலா, எச்சரிக்கையா? 1970 அமெரிக்க மக்காச்சோளத்தைப் பாருங்கள். டெக்சாஸ் சைட்டோபிளாசம், அதுவும் இயற்கையாக வந்த ஆண்மலடுதான். கதிர்க்கொண்டை கிள்ளும் கூலி மிச்சம் என்று நாட்டின் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் சுமார் 85 விழுக்காட்டில் அதையே ஏற்றிவிட்டார்கள். மகரந்தத்தைக் கெடுத்த அதே டி-யுஆர்எஃப்13 புரதம்தான் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஒரே பருவத்தில் நாட்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு போனது. "பூவில் மட்டும்தான் வேலை செய்யும்" என்று அன்றும் நம்பித்தான் விதைத்தார்கள்.

நுண்ணாடி
இது நல்ல அடி. பாதி வாங்கிக்கிறேன்.

வாங்காத பாதி முதல்ல. டி-யுஆர்எஃப்13 செடி முழுக்கத் தயாராச்சு, வேர், இலை, எல்லா இடத்திலயும். பூவில் மட்டும் அதோட கெடுதல் வெளிய தெரிஞ்சுது, மத்த இடத்தில் பூஞ்சை வர்ற வரைக்கும் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. பார்னேஸ் அப்படித் தூங்காது. இலையில் கொஞ்சம் கசிஞ்சாலும் அந்த இலை செல் அங்கயே சாகும், செடி காட்டிக்குடுத்துரும்.

வாங்கின பாதி: ஒரே மூலத்தை நாடு முழுக்க ஏத்துறது. நெல்லில் நாங்க இன்னைக்கும் அதைத்தான் செய்றோம். எனக்கே அது உறுத்தல்.

பாட்டனி வாத்தியார்
கம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965-ல் வந்த எச்பி-1 முதலான கலப்பினங்கள் எல்லாம் அமெரிக்காவின் டிஃப்ட் 23ஏ என்ற ஒரே ஆண்மலட்டுத் தாயில் பிறந்தவை. 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் வந்து வயல் வயலாக அழித்தது. ஆனால் அங்கே சைட்டோபிளாசம் குற்றவாளி இல்லை என்று பின்னால் தெரிந்தது. தாயின் உட்கரு மரபணுக்களே நோய்க்கு எளிதில் இடம் கொடுத்தன. தாய் ஒன்றாக இருந்ததுதான் வினை.

கொல்லைக்காடு
அதைத்தானே சொல்கிறேன். கடுகில் வேறு தாய்களும் உண்டு. மரபணு மாற்றாத சைட்டோபிளாச ஆண்மலட்டில் வந்த கடுகுக் கலப்பினங்கள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. டிஎம்எச்-11ஐ 28 விழுக்காடு அதிக விளைச்சல் என்று விளம்பரப்படுத்தினார்கள். எதோடு ஒப்பிட்டு? வருணா என்ற பழைய ரகத்தோடு. பந்தயத்தில் தாத்தாவை ஓடவிட்டு ஜெயிப்பது என்ன ஜெயிப்பு?

இன்னொன்று. கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற பார் மரபணுவைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? குளுஃபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு. களைக்கொல்லி விற்க வழி வெட்டுகிறார்கள் என்றுதான் நான் படிப்பேன்.

நுண்ணாடி
வாயைத் திறக்கிறேன். ஆண்மலட்டுத் தாய்க்குத் தன் விதை கிடையாது. சாதாரணக் கடுகோட மகரந்தத்தில்தான் அடுத்த தலைமுறை. பார்னேஸ் ஒத்தைப் பிரதியா இருக்கிறதால பிள்ளைகளில் பாதி மலடு, பாதி நல்லது. நல்லதை வேரோட எடுக்கலைன்னா கலப்பு விதையே வராது. பூக்கிறதுக்கு முன்னாடி எது எதுன்னு கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் பார்னேஸோட பார் மரபணுவைக் கட்டி வெச்சாங்க. மருந்து தெளிச்சா நல்லது சாகும், மலடு நிக்கும். விதை உற்பத்தி வயலுக்கான ஏற்பாடு அது.

கொல்லைக்காடு
அப்படியென்றால் விவசாயி வாங்கும் விதையில் பார் இருக்காதா?

நுண்ணாடி
இருக்கும். அப்பன் வரிசையிலயும் பார் இருக்கு, அதனால விதை எல்லாத்திலயும் இருக்கும். விவசாயி தெளிக்கக் கூடாதுன்னு விதி போடலாம். விதியை மீறித் தெளிச்சா செடி தாங்கும். இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை அண்ணே. தெளிக்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ண நான் ஆள் இல்லை.

நெல்லில் இன்னொரு வழி இருக்கு. வெளி மரபணுவும் வேண்டாம், சைட்டோபிளாசமும் வேண்டாம், வெயில் போதும். டிஎம்எஸ்5 மரபணு கெட்டுப்போன நெல், சுமார் 24 டிகிரிக்கு மேல போனா ஆண்மலடு, கீழ இறங்கினா மகரந்தம் நல்லா வரும். சமவெளியில் கலப்பு விதை எடுக்கலாம், கூடலூர் மாதிரி மலையில் தாய் விதையைப் பெருக்கிக்கலாம். இதுக்கும் குத்தம் சொல்வீங்களா?

கொல்லைக்காடு
சொல்லுவேன். 1989 ஜூலையில் சீனாவில் எதிர்பாராமல் குளிர் அடித்து இந்த வகை நெல் பலவும் மலட்டுத்தன்மையை இழந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். மலடாக நிற்க வேண்டிய தாய் தன் மகரந்தத்திலேயே விதை பிடித்தால், ஆத்தூர் அண்ணனுக்கு மழையில் நடந்ததுதான் அங்கேயும். ஆனாலும் இந்த வழிக்கு என் எதிர்ப்பு பாதிதான்.

முதல் பதிவில் "மலட்டு விதை" என்பதையும் "இயற்கை ஒருநாளும் செய்யாத" என்பதையும் அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். பார் மரபணு இருக்கும் வரை டிஎம்எச்-11க்கு என் கை தூக்காது.

ஆத்தூர்க்காரன்
அம்மணி, கடுகு, நெல்லு எல்லாம் சொன்னீங்க. பருத்தியில அப்படி மகரந்தம் வராத செடி உண்டுங்களா இல்லீங்களா?

நுண்ணாடி
உண்டுங்க. ரெண்டு மரபணு சேர்ந்து ஒடுங்கி வர்ற உட்கரு ஆண்மலடு ஒண்ணு இருக்கு, எம்எஸ்5-எம்எஸ்6னு சொல்வோம். மொக்கு உடைக்கிற வேலை மிச்சம், தடவுற வேலை மட்டும்தான். ஆனா அதிலயும் தாய் வரிசையில் பாதி நல்ல செடியா வரும். முதல் பூ விரியும்போது ஒவ்வொண்ணா மகரந்தப்பையைப் பிதுக்கிப் பாத்து, தூள் வர்ற செடியைப் புடுங்கிறணும்.

ஆத்தூர்க்காரன்
அப்ப பாதிக் காடு காலியாயிருமேங்க. அந்தப் பாதிக்குப் போட்ட உரம், தண்ணி, கூலி?

நுண்ணாடி
ரெண்டு மடங்கு நெருக்கி நடணும்ங்க. செலவு விதை எடுக்கிறவர் தலையில்தான்.

ஆத்தூர்க்காரன்
அதானே பாத்தேன். கம்பெனிக்காரன் ஒப்பந்தத்துல அந்தப் பாதிக்கும் காசு எழுதுனா சொல்லுங்க, நாளைக்கே போடுறேன். இல்லீன்னா எனக்கு நகமே போதும்.