வெய்வருக்குத் தமிழ்: 'கோராமை ஒப்பம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மற்றவர்கள் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தரும் முகாமில், ஏதாவது கெட்டால் இழப்பீடு கேட்க மாட்டேன் என்று நாம் கையெழுத்து வாங்கும் தாளுக்கு, அதாவது வெய்வருக்கு (waiver), 'பொறுப்புத் துறப்புப் படிவம்' என்றுதான் தலைப்புப் போட்டு வருகிறோம். போன மாதம் சேலம் அஸ்தம்பட்டி முகாமுக்கு, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். தாளை நிதானமாகப் படித்துவிட்டு, "ஏந்தம்பி, இதுல துறக்கறது நீங்களா, நானா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பொறுப்புத் துறப்பு நல்ல சொல்தான், ஆனால் அது டிஸ்கிளெய்மருக்கு (disclaimer) உரியது. மென்பொருளை எழுதியவர் 'இதற்கு நான் பொறுப்பில்லை' என்று தம் பக்கத்திலிருந்து சொல்லிவிடுவது அது. ஜிபிஎல் (GPL) என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில், 2007இல் வந்த மூன்றாம் பதிப்பின் 15ஆம் பிரிவு அப்படிப்பட்டது. அதற்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. வெய்வரில் பேசுகிறவரே வேறு. கணினி கொண்டு வந்தவர், இழப்பீடு கேட்கும் தம் உரிமையை விட்டுத் தருகிறார். அது பெயரிலேயே தெரிய வேண்டும். இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. துறப்பது யார் என்றே புரியாமல் போட்ட கையெழுத்து எப்படிச் சம்மதமாகும்?

முந்தைய மடலில் வெய்வருக்குப் பெயராக வந்த 'வழக்கிடா உறுதி' எனக்குப் பயம் தருகிறது. நீதிமன்றத்துக்குப் போகும் வழியை முழுதாக அடைக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு. செல்லாத ஒன்றைத் தலைப்பிலேயே எழுதி வைப்பானேன்? 'தள்ளுபடி' என்று பெயர் வைத்தால் கடனும் ஆடி மாதமும்தான் நினைவுக்கு வரும்.

பட்டறைக்காரரே ஒரு சொல் கொடுத்தார். "அக்கா தங்கச்சிங்க பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவாங்களே, அது மாதிரியா?" அதே மாதிரிதான்! விட்டுக் கொடுப்பவரே கையெழுத்திடுகிறார். ஆனாலும் பத்திரம் என்றதும் முத்திரைத்தாளும் பதிவு அலுவலகமும் கண்முன் வந்து நிற்கும். 'ஈடுகோரா ஒப்பு' என்றும் எழுதிப் பார்த்தேன். நம் பக்கத்தில் ஈடு என்றால் அடகு, அதனால் விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை 'இழப்பீடு கோராமை ஒப்பம்', சுருக்கமாகக் 'கோராமை ஒப்பம்'. கோராதவர் யாரோ அவரே ஒப்பமிடுகிறார். ஒப்பத்தில் சம்மதமும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது.

பெயர் மாறினால் உள்ளடக்கமும் மாற வேண்டும். 'எந்த நட்டத்துக்கும்' என்று ஒரே வீச்சாக எழுதாமல், என்ன நடக்கலாம் என்று சொல்வோம். வட்டின் பகுதிகளை (பார்ட்டிஷன்) மாற்றும்போது கோப்புகள் அழியலாம். கணினி தொடங்கும்போது சோதிக்கும் 'செக்யூர் பூட்' (Secure Boot) அமைப்பை மாற்றினால், விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கலாம். அது கையில் இல்லாவிட்டால் வட்டில் இருப்பது திறக்காது. பேக்கப் எடுத்தாயிற்றா என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். நாம் அசட்டையாக இருந்து கெடுத்ததையும் இதில் சேர்க்கக் கூடாது. அது நியாயமும் இல்லை, பொதுநலனுக்கு விரோதம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அடிபடவும் கூடும். அப்புறம், முகாமுக்கு வரும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் உண்டு. 18 நிறையாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது. அவர்கள் பெற்றோரோடு வரட்டும்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வினையாக வரும்போது 'கோராமை ஒப்பம் தருதல்' என்பதா, 'இடுதல்' என்பதா? எனக்கு 'இடுதல்' பிடித்திருக்கிறது. ஏற்காட்டு முகாமுக்குத் தாள் அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்தை எழுதுங்கள்.